பீட் பாசில்த்வெயிட்: நோயாளி அப்பாவாக நடிக்க இவரிடம் என்ன கற்கலாம்?

மேடைப்பித்தன் (மதுரை)

வணக்கம். மதுரையில் ஒரு சிறிய நாடகக் குழுவில் இருக்கிறேன். பகலில் மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதும் வேலை, மாலையில் ஒத்திகை. இப்போது எடுத்திருக்கும் நாடகத்தில் எனக்கு அப்பா வேடம். கல்குவாரியில் பாறை உடைத்தே நெஞ்சு பழுதாகிப்போன, அறுபது வயது மனிதர். எனக்கு வயது முப்பத்தொன்று. மகனாக வருபவர் என்னைவிட இரண்டு வயதுதான் இளையவர்.

முதல் நாளிலிருந்து இயக்குநரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். "நீ இருமுகிறாய், அந்த மனிதர் எங்கே?" என்கிறார். போன வாரம் ஒத்திகை முடிந்ததும், "பீட் பாசில்த்வெயிட் என்று ஓர் ஆங்கிலேய நடிகர் இருந்தார். அவர் நடித்த அப்பாக்களைப் பார்த்துவிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தேடிப் பார்த்தால், சின்ன வயதில் தமிழ் பேசிய டைனோசர் படத்தில் பார்த்த மொட்டைத்தலை வேட்டைக்காரர்!

எனக்குத் தெரிய வேண்டியவை: இவர் எப்படிப்பட்ட நடிகர்? எந்தப் படத்திலிருந்து ஆரம்பிப்பது? வயதில் பெரிய வித்தியாசம் இல்லாதவருக்கு அப்பாவாக நடித்து நம்பவைத்தார் என்கிறார்களே, அது எந்தப் படம்? இன்னொன்றும் கேட்க ஆசை. இவ்வளவு பெரிய நடிகர் என்றால் கதாநாயகனாக ஏன் வரவில்லை? முகவெட்டுதான் காரணமா? எனக்கும் முகம் கொஞ்சம் அப்படித்தான், அதனால் கேட்கிறேன்.

பழைய புரொஜெக்டர் (சென்னை)

தம்பி, சுருக்கமான வரலாற்றை நான் சொல்லிவிடுகிறேன். மற்றதை வடலி அக்கா எழுதுவார். இந்தப் பெயரைப் பார்த்த பிறகு அவர் சும்மா இருக்க மாட்டார்.

பிறந்தது 1946 பிப்ரவரி 7, வாரிங்டனில். லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே உள்ள தொழில் நகரம். உழைக்கும் கத்தோலிக்கக் குடும்பம். சிறு வயதில் பாதிரியாராகப் போகலாமா என்று யோசித்தவர், ஆசிரியர் பயிற்சி முடித்து மான்செஸ்டர் லொரேட்டோ கல்லூரியில் நாடகம் கற்பித்தார். அதன்பிறகுதான் பிரிஸ்டல் ஓல்டு விக் நாடகப் பள்ளி. எழுபதுகளில் லிவர்பூல் எவ்ரிமேன் அரங்கில் சேர்ந்தார். ஹோப் தெருவில் முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம் அது. பிறகு பெயர்பெற்ற நடிகர்களில் அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களைப் பாருங்கள்: ஜூலி வால்டர்ஸ், பில் நை, ஜொனாதன் பிரைஸ், ஆன்டனி ஷெர். அந்தத் தலைமுறைக்கு உள்ளூராட்சியின் படிப்பு உதவித்தொகை இருந்தது. ஊருக்கு ஊர் மானியத்தில் ஓடிய அரங்குகள் இருந்தன. தொழிலாளி வீட்டுப் பிள்ளை நடிகனாவதற்கு அந்த இரண்டும் படிக்கட்டுகள். இன்று அங்கே பிரபலமாகும் இளம் நடிகர்களில் எத்தனை பேர் கட்டணப் பள்ளிகளில் படித்தவர்கள் என்று பார்த்தால் படிக்கட்டு எங்கே உடைந்தது என்று புரியும். சரி, அது வேறு சண்டை.

பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்களாம். இவ்வளவு நீளப் பெயரை அரங்கு வாசலில் விளக்குகளால் எழுதினால் மின்கட்டணம் கட்டுப்படியாகாது என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்களாம். மாற்றவில்லை. 1997இல் இயக்குநர் ஸ்பீல்பெர்க் இவரை 'த லாஸ்ட் வேர்ல்ட்' (நீங்கள் பார்த்த டைனோசர் படம்), 'அமிஸ்டாட்' என்று ஒரே ஆண்டில் வந்த இரண்டு படங்களிலும் நடிக்கவைத்தார். உலகிலேயே சிறந்த நடிகர் என்றும் சொன்னார். அதற்கு இவர் தந்த பதில்: "பீட் தன்னை உலகின் சிறந்த நடிகன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் ஸ்பீல்பெர்க் சொல்லியிருப்பார்."

முகவெட்டு பற்றிய கேள்விக்கு நேர் பதில்: இவர் கதாநாயகனாகவும் நடித்திருக்கிறார். 'பிராஸ்டு ஆஃப்' படத்தைத் தாங்குவது இவர்தான். 2008இல் அதே எவ்ரிமேனுக்குத் திரும்பிவந்து ஷேக்ஸ்பியரின் லியர் மன்னராக நின்றார். அது பிறகு லண்டன் யங் விக் அரங்குக்கும் போனது. அதற்கு முந்தைய ஆண்டு மான்செஸ்டரில், ஷேக்ஸ்பியரின் 'த டெம்பெஸ்ட்' நாடகத்தில் பிராஸ்பெரோ. மேடையில் இதைவிடப் பெரிய வேடம் ஏது? சினிமா சுவரொட்டியை மட்டும் வைத்து அளக்காதீர்கள்.

நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது 'த யூசுவல் சஸ்பெக்ட்ஸ்', 1995. கோபயாஷி என்ற வழக்கறிஞராக வருவார். கதையின் முடிச்சை முன்கூட்டியே யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.

வடலி (தெற்கு யோர்க்ஷயர், இங்கிலாந்து)

புரொஜெக்டர், என்னை வம்புக்கு இழுப்பதில் உங்களுக்கு ஓர் இன்பம். தம்பி கேட்டது அப்பா வேடம். நீங்கள் தருவது வழக்கறிஞர் வேடம். கோபயாஷி நல்ல வேலைதான், ஆனால் தம்பிக்கு இப்போது தேவை இல்லை.

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முடிந்த காலத்தில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவள். ஓய்வுபெறும்வரை நெஞ்சு நோய்ப் பிரிவில் தாதி. இரவுக் கடமைதான் அதிகம். எங்கள் கட்டில்களில் பாதிக்கு மேல் நிலக்கரி அறுத்த கைகள். எனவே நடிப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. மூச்சு வாங்குவதைப் பற்றிக் கேட்டால் நிறையத் தெரியும். சினிமாவில் நெஞ்சு நோயாளி வந்தால் நான் தொலைக்காட்சியோடு சண்டை போடுவேன். வெள்ளைக் கைக்குட்டை, மூன்று இருமல், கைக்குட்டையில் இரத்தம், வயலின். எந்த நாட்டுப் படமானாலும் இதே சங்கதி.

பாசில்த்வெயிட்டோடு மட்டும் எனக்குச் சண்டை வந்ததில்லை. என் கணக்கில் காரணம் ஒன்றுதான். அவர் நோயைக் காட்ட மாட்டார், நோயை மறைக்கும் மனிதனைக் காட்டுவார். நான் பார்த்த கிழவர்கள் எல்லோரும் அப்படித்தான். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் முதுகு நிமிரும், குரல் தெளியும், கேலி வரும். அவர் போன பிறகு, அந்த அரைமணி நேர நடிப்புக்கு விடியும்வரை வட்டி கட்டுவார்கள்.

நீ கேட்ட படம் 'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்', 1993, ஜிம் ஷெரிடன் இயக்கியது. உண்மைக் கதை. 1974 அக்டோபரில் கில்ட்ஃபர்ட் நகர மதுக்கடைகளில் குண்டு வெடித்தது. பெல்ஃபாஸ்ட் இளைஞன் ஜெரி கான்லன் மீது பொய்யாகக் குற்றம் சுமத்தினார்கள். மகனுக்கு வழக்கறிஞர் பிடிக்கப் படகேறி வந்த தந்தை ஜூசெப்பேயையும் கைதுசெய்தார்கள். அவர் ஏற்கெனவே நுரையீரல் நோயாளி. 1980இல், தண்டனைக் கைதியாகவே இறந்துபோனார். மகன் விடுதலையானது 1989இல். தந்தைமீதான தீர்ப்பு இரத்தானதோ 1991இல்.

மகனாக டேனியல் டே-லூயிஸ், தந்தையாக இவர். இருவருக்கும் பதினோரு வயதுதான் வித்தியாசம். இவர் 1946, அவர் 1957. படம் பார்க்கும்போது அந்தக் கணக்கு யாருக்கும் நினைவு வராது. நரை, கண்ணாடி, கோட்டு எல்லாம் உண்டுதான், ஆனால் அவை பாதி வேலைகூடச் செய்யவில்லை. மகன் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்துகொண்டேயிருப்பான். இவர் எதைச் செய்தாலும் குறைந்த அசைவில் செய்வார். எழுவதற்கு முன் யோசிப்பார். ஒரு பேச்சு நீளமாக வரப்போகிறது என்றால் அதற்கு முன்னமே காற்றைச் சேர்த்துவைப்பார். இருபது வயதுக்காரன் மூச்சை எண்ணுவதில்லை. நோயாளி எண்ணிச் செலவழிக்கிறான். உனக்கும் உன் நாடக மகனுக்கும் இரண்டு வயது வித்தியாசம்தானே, வேலை அங்கேதான் இருக்கிறது. மகனாக வருபவர் எவ்வளவு தாராளமாக மூச்சை வீணாக்குகிறாரோ அவ்வளவு நீ கிழவனாகத் தெரிவாய். அவரிடமும் இதைச் சொல்லு.

ஒரு குறிப்பு. படத்தில் தந்தையும் மகனும் ஒரே அறையில் அடைபட்டிருப்பதாகக் காட்டுகிறார்கள். உண்மையில் அப்படி இல்லை. வரலாறாகப் படிக்க வேண்டுமென்றால் வேறு இடம் போக வேண்டும். ஆனால் அந்தப் பொய்யால்தான் இரண்டு நடிகர்களும் ஒரே சட்டகத்துக்குள் மூச்சு விடுகிறார்கள், அதற்காக நான் மன்னித்துவிட்டேன். இந்த வேடத்துக்குத்தான் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. பரிசு டாமி லீ ஜோன்ஸுக்குப் போனது.

அடுத்து 'பிராஸ்டு ஆஃப்', 1996. இது எங்கள் ஊர்ப் படம், நடுநிலையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. கிரைம்தோர்ப் என்ற சுரங்கக் கிராமம் பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1992 அக்டோபரில் 31 சுரங்கங்களை மூடப்போவதாக அரசு அறிவித்தது. அதே மாதம் கிரைம்தோர்ப் சுரங்கத்தின் பித்தளை வாத்தியக் குழு ஆல்பர்ட் ஹாலில் தேசியப் போட்டியில் வென்றது. மறு ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. படத்தில் ஊர்ப் பெயரைக் கொஞ்சம் மாற்றி கிரிம்லி என்று வைத்திருக்கிறார்கள். கேட்கும் வாத்தியம் உண்மையான கிரைம்தோர்ப் குழுவுடையதுதான்.

இவர் டேனி, குழுவின் நடத்துநர். நிலக்கரித் தூசி படிந்த நுரையீரல். அவருக்குச் சுரங்கம் மூடுவதைவிடப் போட்டியில் வெல்வதுதான் பெரிது. வீடு ஏலம் போகும் நிலையிலிருக்கும் மகன் கண்முன் நின்றாலும், புதிய டிராம்போன் வாங்கினாயா என்று கேட்கிற ஆள். நோயாளி என்பதற்காக அவரை நல்லவராக்கவில்லை, அது எனக்குப் பிடிக்கும். என் கட்டில்களில் படுத்திருந்தவர்களிலும் பிடிவாதக்காரர்கள், கஞ்சர்கள், பிள்ளைகளோடு வருடக்கணக்காகப் பேசாதவர்கள் எல்லோரும் இருந்தார்கள். தூசி ஆளைப் பார்த்தா படிகிறது?

கோலைப் பிடித்து நிற்கும்போது பார். ஸ்பானிய இசையமைப்பாளர் ரொட்ரிகோவின் அரஞ்சுவெஸ் இசையை, குழுவுக்குப் புதிதாக வந்த பெண் முதன்முறையாக வாசிக்கும் காட்சி. குழுவிலுள்ள ஆண்கள் எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்து வாத்தியத்துக்குள் ஊதுகிறார்கள். ஊத முடியாத ஒரே ஆள் நடுவில் நிற்கிறார், அவர் கைதான் எல்லோருடைய மூச்சையும் நடத்துகிறது. அதைப் பற்றிப் படத்தில் ஒருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இவரும் சோகமாக முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. ருசியான சாப்பாடு கிடைத்தவர் மாதிரி இருக்கிறார்.

பிறகு தெருவில் சரிந்து விழுகிறார், வைத்தியசாலை. இரவில் குழுவினர் சுரங்கத் தலைவிளக்குகளோடு சன்னலுக்கு வெளியே நின்று வாசிக்கிறார்கள். கடைசியில் அந்த நிலையிலும் ஆல்பர்ட் ஹாலுக்கு வந்து சேர்ந்து, மேடையில் கோப்பையை வாங்க மறுத்துப் பேசுகிறார். ஒரு தாதியாகச் சொல்கிறேன், அந்த உடம்பை லண்டனுக்கு அனுப்பிய பிரிவுத் தலைமைத் தாதியை நான் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஆனாலும் அந்தப் பேச்சை எழுதி வைத்துக்கொண்டு படி. இசைதான் முக்கியம் என்று நினைத்திருந்தேன், மனிதர்களுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை என்கிறார். ஒரு கடல்நாயோ திமிங்கிலமோ என்றால் எல்லோரும் கொதித்தெழுவீர்கள், இவர்கள் வெறும் மனிதர்கள்தானே என்கிறார். இதை முழங்கச் சொன்னால் எந்த நடிகரும் முழங்குவார். இவர் முழங்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் காசு கொடுத்து வாங்கியது மாதிரி வருகிறது. சபை காத்திருக்கிறது, ஏனென்றால் இந்த மனிதரால் வேகமாகப் பேச முடியாது. நோய் அந்தக் காட்சிக்குத் தாளம் ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு சம்பவாம்பா என்ற இசைக்குழு தன் பாடலின் தொடக்கத்தில் அந்தப் பேச்சின் ஒரு துண்டை அப்படியே ஒட்டிவைத்தது. அந்தப் பாட்டு உலகமெல்லாம் ஓடியது. எங்கள் பிரிவில் வானொலியில் அது வந்தால் கிழவர்கள் சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள், பாட்டு தொடங்கியதும் குறைக்கச் சொல்வார்கள்.

படம் வந்தபோது சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய்க்கு நிர்வாகம்தான் பொறுப்பு என்று நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பு 1998இல்தான் வந்தது. நஷ்டஈட்டுத் தாளில் கையெழுத்திட உயிரோடு இல்லாதவர்கள் பலர். அதனால்தான் இங்கே அந்தப் படத்தை யாரும் நகைச்சுவைப் படம் என்று வகைப்படுத்திப் பேசுவதில்லை, சிரிக்கும் இடங்கள் நிறைய இருந்தும்.

வாரிங்டன் அந்தக் காலத்தில் லங்காஷயர். யோர்க்ஷயர்க்காரனாக ஒரு லங்காஷயர்க்காரன் நடிப்பதா என்று எங்கள் பக்கத்தில் முணுமுணுக்க வேண்டும், அது இங்கே மரபு. டேனியைப் பற்றி யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

கறுப்பு வெள்ளை (கோவை)

வடலி அக்கா எழுதியதைப் படித்த பிறகு மறுப்புச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு விஷயம்.

ஒன்று, இவர் எப்போதும் அடக்கி வாசிப்பவர் என்ற எண்ணம் இங்கே உருவாகிறது. அது சரியில்லை. 'ஷார்ப்' தொலைக்காட்சித் தொடரில் 1994இல் ஹேக்ஸ்வில் என்ற சார்ஜென்டாக வருவார். தூக்கில் போட்டும் சாகாத ஆள். அதனால் கழுத்து வெட்டி வெட்டி இழுக்கும். தொப்பிக்குள் அம்மாவின் படத்தை வைத்துக்கொண்டு அதோடு பேசுவார். பல்லைக் கடித்து, கண்ணை உருட்டி, திரையைத் தின்றுவிடுகிறார். கோபயாஷியும் அடக்கமானது போலத் தெரியுமே தவிர, அந்த விசித்திர உச்சரிப்பு ஒரு பகட்டுதான். ஜப்பானியப் பெயர், நம் துணைக்கண்டத்துச் சாயலில் ஆங்கிலம். கதையின் முடிவு அதற்குச் சாக்குச் சொல்கிறது என்றாலும் எனக்குக் காது கூசியது.

இரண்டு, நிலக்கரி. டேனியாக நின்று சுரங்கத் தொழிலாளருக்காகக் கண்ணீர் வரவழைத்தவர், 2009இல் 'த ஏஜ் ஆஃப் ஸ்டுபிட்' என்ற பருவநிலை மாற்றப் படத்தில் 2055ஆம் ஆண்டின் தனியாளாக நடித்தார். அதன் வெளியீட்டு விழாவில், கென்ட்டில் கிங்ஸ்நார்த் என்ற இடத்தில் புதிய நிலக்கரி மின்நிலையத்துக்கு அனுமதி தந்தால் 2004இல் பெற்ற ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரசு விருதைத் திருப்பித் தருவேன் என்று அரசையே மிரட்டினார். எது உண்மையான பாசில்த்வெயிட்? சுரங்கம் வேண்டும் என்றவரா, நிலக்கரி வேண்டாம் என்றவரா?

வடலி (தெற்கு யோர்க்ஷயர், இங்கிலாந்து)

கோவைத் தம்பி, நல்ல கேள்வி, தயங்காமல் கேட்டதும் நல்லது.

ஹேக்ஸ்வில் பற்றி நீங்கள் சொன்னது முழுச் சரி. அந்தக் கழுத்து இழுப்பு காட்டவேண்டிய இழுப்பு. அந்த ஆள் தன் ஊனத்தை ஆயுதமாக வைத்துப் பிழைக்கிறான், அதனால் ஒளிக்க மாட்டான். ஜூசெப்பே ஒளிப்பார், ஏனென்றால் மகன் பயந்துவிடுவான். அளவைப் பாத்திரம்தான் தீர்மானிக்கிறது. உச்சரிப்பு விஷயத்தில் நான் உங்களோடு சண்டை பிடிக்கப் போவதில்லை, என் காதும் கூசியது.

நிலக்கரிக்கு வருகிறேன். டேனி எந்த இடத்தில் நிலக்கரியைப் புகழ்கிறார்? அவர் பேசுவது நிலக்கரியை வெட்டிய ஆட்களைப் பற்றி. எங்கள் கிழவர்களிடம் கேட்டால் தெரியும். பிள்ளையைக் குழிக்குள் இறக்க விரும்பிய தகப்பன் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் குழியை மூடிய விதத்தை மன்னித்த தகப்பனையும் பார்த்ததில்லை. வேறு வேலை தராமல், ஒரே நாளில் ஊரின் கழுத்தை நெரித்தார்கள். அதை எதிர்த்தவர் பதினைந்து வருடம் கழித்துப் புகைபோக்கி வேண்டாம் என்று சொன்னால் எனக்கு முரணாகத் தெரியவில்லை. கிங்ஸ்நார்த் திட்டத்தை அதைக் கட்டவிருந்த நிறுவனமே அதே ஆண்டு அக்டோபரில் தள்ளிவைத்தது, பிறகு கைவிட்டது. விருது அவரிடமே இருந்துவிட்டது.

மதுரைத் தம்பிக்கு இன்னொரு அப்பாவையும் சொல்ல மறந்துவிடக்கூடாது. டெரன்ஸ் டேவிஸின் 'டிஸ்டன்ட் வாய்ஸஸ், ஸ்டில் லைவ்ஸ்', 1988. லிவர்பூல் தொழிலாளி வீடு. இந்த அப்பா கொடுமைக்காரர். நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) முந்தின இரவு, தூங்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பாசத்தில் உருகி நிற்பார். மறுநாள் சாப்பாட்டு மேசையில் திடீரென்று விரிப்பைப் பிடித்து இழுத்து எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு, துப்புரவாக்கு என்று மனைவியை நோக்கிக் கத்துவார். இரண்டுக்கும் நடுவே ஒரு விளக்கமும் கிடையாது. சிறு வயதில் அவருக்கு என்ன நடந்தது, ஏன் இப்படி ஆனார் என்று ஒரு வரிகூட இல்லை. இவரும் முகத்தால் விளக்கம் தரவில்லை. உருகியதும் உண்மை, இழுத்ததும் உண்மை. உன் நாடகத்து அப்பா எழுத்தில் கொஞ்சம் அதிகமாக நல்லவராக இருந்தால் இதைப் பார்த்துவிட்டுப் போ. நோயாளிகளுக்குக் கோபம் வரும், தம்பி. மூச்சு போதாதவனுக்குக் கெட்ட கோபம் வரும்.

மேடைப்பித்தன் (மதுரை)

அக்கா, நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க முடியவில்லை. நேற்று இரவு சிறைப் படத்தைப் பார்த்து முடித்தேன். அந்த அப்பா இறந்த செய்தி வந்ததும் கைதிகள் சன்னல் சன்னலாகக் காகிதத்தைக் கொளுத்திப் போடுகிறார்களே, அங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் மொட்டைமாடிக்குப் போய்வந்தேன்.

இப்போது பச்சையாகக் கேட்கிறேன். இருமலை எடுத்துவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும்? கல்தூசி நோயாளி எப்படி உட்காருவார், எப்படிப் பேசுவார்? மேடையில் பின்வரிசைக்கும் தெரிய வேண்டும். பாசில்த்வெயிட்டுக்கு கேமரா பக்கத்தில் இருந்தது, எனக்கு இல்லை.

வடலி (தெற்கு யோர்க்ஷயர், இங்கிலாந்து)

அவருக்கும் முதலில் கேமரா இல்லை. எவ்ரிமேனில் கற்ற தொழில். அந்தக் குழுவினர் வண்டியில் ஏறி மதுக்கடைகளுக்கே போய் நாடகம் போட்டவர்கள். குடித்துக்கொண்டிருப்பவனைத் திரும்பிப் பார்க்கவைக்கத் தெரியாவிட்டால் அங்கே நிற்க முடியாது. ஆகவே பின்வரிசைச் சாக்கு வேண்டாம்.

நிலக்கரித் தூசியும் கல்தூசியும் ஒன்றல்ல. கல்லில் இருக்கும் சிலிக்கா இன்னும் பொல்லாதது, நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். காசநோயும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் மேடையில் தெரிவது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் பார்த்ததைச் சொல்கிறேன், நீ எடுத்துக்கொள்.

உட்காரும்போது முன்னுக்குச் சாய்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொள்வார்கள். தோள் மேலேறி நிற்கும். கழுத்து நரம்பு மட்டுமல்ல, தசையும் வேலை செய்யும். மூச்சை உள்ளே இழுப்பது சின்னதாக இருக்கும். வெளியே விடுவதுதான் நீளம், உதட்டைக் குவித்து, சூடான தேநீரை ஆற்றுவது போல. மல்லாந்து படுக்க மாட்டார்கள். உன் நாடகத்தில் அப்பா பாயில் நீட்டிப் படுத்துச் சாகிறார் என்றால் இயக்குநரிடம் சொல்லி மாற்று. சுவரில் சாய்ந்து, தலையணையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருப்பார்.

பேச்சில், நாலைந்து சொல்லுக்கு ஒரு நிறுத்தம் வரும். கவனி, வாக்கியம் முடியும் இடத்தில் வராது. "நான் அன்றைக்கே அவனிடம்" என்று சொல்லிக் காற்றுக்காக நிற்பார், "சொன்னேன்" என்பது தனியாக வந்து விழும். எழுத்தாளர் போட்ட காற்புள்ளியை நம்பாதே. நோயாளி அந்த நிறுத்தத்தை மறைக்க ஏதாவது செய்வார்: துண்டை உதறுவார், பீடிக்கட்டைத் தேடுவார், சன்னலுக்கு வெளியே யாரோ போவதுபோல் பார்ப்பார். மாடிப்படியில் நடுவில் நின்று சுவரிலுள்ள நாட்காட்டியை இவ்வளவு அக்கறையாகப் படிப்பவர் வேறு யாரும் இல்லை. பின்வரிசைக்குத் தெரிய வேண்டியது அந்தத் தந்திரம்தான். மூச்சு அல்ல.

வேலைகளைச் சேர்த்துச் செய்வார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தால் அந்த ஒரே எழுச்சியில் மருந்தையும் எடுத்து, கதவையும் சாத்திவிட்டு வருவார்கள். மேடையில் உன் நடமாட்டத்தைப் பாதியாக வெட்டு. சாப்பாட்டுக் காட்சி இருந்தால் உனக்கு அதிர்ஷ்டம். மெல்வதும் மூச்சும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும், நாலு கவளத்தில் களைத்துப்போய்ப் பசியில்லை என்று பொய் சொல்வார்கள். உரக்கச் சிரிக்க மாட்டார்கள், சிரிப்பு இருமலைக் கூப்பிடும் என்று தெரியும். மகன் நகைச்சுவை சொல்லும்போது நீ சிரிப்பை அடக்குவதைச் சபை பார்த்தால் போதும்.

இருமலை முழுக்கக் கைவிடச் சொல்லவில்லை. அது காலையில்தான் வரும், விழித்தவுடன், நீளமாக. திரை எழுவதற்கு முன்னால், இருட்டில், உள்ளேயிருந்து ஒருமுறை கேட்கட்டும். வெளிச்சம் வரும்போது நீ முகம் கழுவிச் சட்டை மாட்டி, ஒன்றும் நடக்காதவர் மாதிரி வந்து உட்காரு. அதற்குமேல் நாடகம் முழுக்க ஒன்றுகூட வேண்டாம்.

இவருடைய கடைசிப் படங்களை இப்போது பார்க்காதே. 2010இல் 'இன்செப்ஷன்' படத்தில் சாகக் கிடக்கும் கோடீஸ்வர அப்பாவாக வருகிறார், 'த டவுன்' படத்தில் பூக்கடை வைத்திருக்கும் தாதாவாக வருகிறார். 2011 ஜனவரி 2ஆம் தேதி ஷ்ரூஸ்பரி வைத்தியசாலையில், கணையப் புற்றுநோயால் இறந்தார். அறுபத்து நாலு வயது. பூக்கடைக்காரரின் கன்னத்தைப் பார்த்தால் நான் தாதியாகிவிடுகிறேன், எது நடிப்பு எது உடம்பு என்று பிரிக்கத் தோன்றுகிறது. நீ அதைப் பார்த்து மெலிவதற்குப் பட்டினி கிடக்கப் போகிறாய், அதனால்தான் சொல்கிறேன். முதலில் சிறைப் படத்தை இன்னொரு தடவை சத்தமில்லாமல் பார், தோளை மட்டும். பிறகு டேனி.

அடுத்த ஒத்திகையை அலைபேசியில் பதிவுசெய்து இங்கே போடு. மேல் பொத்தானைத் திறந்துவை, கழுத்து தெரிய வேண்டும்.